தயங்கி நிற்பவரை அவசரப்படுத்தாதீர்

திருத்தணி மலையின் அடிவாரத்தில், சரவணப் பொய்கையில் காலலம்பிவிட்டு வருகிற யாத்ரீகர் ஒருவர், படிவழியே ஏறுவதா, வண்டிப் பாதையில் ஆட்டோ பிடித்து மேலே போய்விடுவதா என்று ஒரு கணம் நின்று யோசிக்கிற காட்சியை, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனாகிய நான் எண்ணற்ற தடவைகள் கண்டிருக்கிறேன். கண்டும், அதில் விசேஷமாக ஏதோ நடக்கிறது என்ற எண்ணம் எனக்கு ஒரு நாளும் உதித்ததில்லை. அந்த ஒரு கணத்துக்குள் எவ்வளவு பெரிய காரியம் நிறைவேறுகிறது என்பது, என் பெரியப்பாவுக்கு நடுக்குவாதம் கண்ட பிறகே எனக்குப் புலப்பட்டது.

பெரியப்பா கணக்கு வாத்தியாராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ராவும் ஜியோமிதியும் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கிருத்திகை தவறாமல் மலையேறுகிறவர். ஒரு நாள் காலை கடைத்தெருவில், ஸ்டேஷன் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், திரும்பாமல் நட்ட நடுவில் நின்றுவிட்டார். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. வலது குதிகால் எழும்புவதும் அதே இடத்தில் விழுவதுமாக நடுங்கியது. செருப்பின் முன்முனை மாத்திரம் மண்ணை விட்டு நகரவில்லை. பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது. அது அடிக்க அடிக்க அவருடைய கால் இன்னும் இறுகியது. "போறதுன்னா போங்க பெரியவரே, இல்லைன்னா ஓரமா ஒதுங்குங்க" என்று யாரோ கத்தினார்கள். பெரியப்பா என் முகத்தைப் பார்த்து, "எந்தப் பக்கம் போகணும்னு நல்லாத் தெரியுதுடா, கால்தான் தரையோட ஒட்டிக்கிச்சு" என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் விழப் போனார். அன்று நான் செய்தது பெரும் பிழை என்பதைப் பிற்பாடு வைத்தியர் எடுத்துச் சொன்னபோது, வெட்கத்தோடுகூட ஒரு கேள்வியும் என்னைப் பற்றிக்கொண்டது: போக வேண்டிய திசை தெரிந்திருக்கும்போது கால் போகாமல் நிற்பது எப்படி?

மூளைக்குள் ஓர் எஜமானன் உட்கார்ந்திருக்கிறான், அவன் "இடப்பக்கம்" என்று உத்தரவிடுகிறான், கால் அதைச் சிரமேற்கொண்டு நிறைவேற்றுகிறது என்றே நாம் சாமானியமாக எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணத்தினால்தான், தயங்கி நிற்பவரைக் கண்டால் எஜமானன் புத்தி பேதலித்தவன் என்றோ, வேலைக்காரன் சோம்பேறி என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். நாற்பது வருஷத்துக்கும் மேலாக நடந்துவரும் ஆராய்ச்சி காட்டுவது முற்றிலும் வேறு.

1982-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், அபோஸ்தலோஸ் ஜியார்ஜோபூலோஸ் என்ற கிரேக்க தேசத்து விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பலகையின் நடுவே ஒரு விளக்கு, சுற்றிலும் எட்டு விளக்குகள். நடுவிலிருந்து புறப்பட்டு, எரிகிற விளக்கை நோக்கிக் கைப்பிடியை நகர்த்தும்படி குரங்குகளைப் பழக்கி, அவை அப்படி நகர்த்துகையில், கையசைவை ஆளும் மூளைப் பகுதியிலுள்ள நரம்பணுக்களின் மின்துடிப்பை மயிரிழை போன்ற கம்பியைக் கொண்டு ஒவ்வொன்றாக அளந்தார்கள். ஒவ்வோர் அணுவுக்கும் பிரியமான திசை ஒன்று இருக்கக் கண்டார்கள். அந்தத் திசையில் கை போகும்போது அந்த அணு மிக அதிகமாகத் துடிக்கிறது. திசை விலக விலகத் துடிப்பு படிப்படியாகக் குறைந்து, நேர் எதிர்த் திசைக்குக் கை போகும்போது அடங்கிவிடுகிறது. விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் போன்ற திடீர் மாற்றம் அதில் இல்லை. சூரியன் உச்சியிலிருந்து சாய்வதுபோல் நிதானமான இறக்கம்தான் உண்டு. அந்த இறக்கத்தை வரைந்து பார்த்தால், பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கொசைன் வளைகோட்டை அது பெரிதும் ஒத்திருக்கிறது.

இந்த விருத்தாந்தத்தை நான் படித்துச் சொன்னபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் முகத்தில் பழைய வாத்தியார் களை வந்துவிட்டது. கைத்தடியின் நுனியால் வாசல் மண்ணில் ஒரு கோடு இழுத்து, அதன் இருபுறமும் அறுபது பாகையில் இரண்டு கோடுகள் இழுத்தார். "இந்தப் பக்கம் அறுபதுக்கும் கொசைன் அரை, அந்தப் பக்கம் அறுபதுக்கும் அரைதான். அப்போ ஒரே ஓர் அணுவைக் கேட்டா இடமா வலமான்னு அதால சொல்லவே முடியாதே?" என்றார். அந்தக் கேள்வியே விஷயத்தின் உயிர்நிலை. தனி அணு எதுவும் திசையை அறியாது. 1986-ஆம் ஆண்டில் ஜியார்ஜோபூலோஸ் குழுவினர் காட்டியது இதற்கான விடை: ஒவ்வோர் அணுவையும் அதனதன் பிரியமான திசையை நோக்கிய ஓர் அம்பாகக் கொண்டு, அது எவ்வளவு துடிக்கிறதோ அதற்கேற்றபடி அந்த அம்பை நீட்டியும் குறுக்கியும் வைத்து, நூற்றுக்கணக்கான அம்புகளையும் ஒன்றாகக் கூட்டினால், கூட்டுத்தொகையாக வருகிற அம்பு, கை போகிற திசையையே ஏறக்குறையச் சரியாகக் காட்டுகிறது. பெரியப்பா மறுபடியும் தடியை எடுத்து இணைகர விதிப்படி இரண்டு அம்புகளைக் கூட்டிக் காட்டினார். கை நடுங்கியபடியால் கோடுகள் நெளிந்திருந்தன; கணக்கில் பிசகு இல்லை.

இதற்கு மூன்று வருஷங்கள் கழித்து அவர்கள் செய்த இன்னொரு பரிசோதனையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்குவதில்லை. விளக்கு எரிகிற பக்கமே கையைக் கொண்டுபோகாமல், அதிலிருந்து கால்வட்டம் இடஞ்சுழியாகத் தள்ளி வேறு திசைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று குரங்குக்குக் கற்பித்தார்கள். கை அசைவதற்கு முன்னாலுள்ள, வினாடியின் சிறு பின்னமான அந்த இடைவெளியில் கூட்டு அம்பைக் கணித்துப் பார்த்தபோது, அது முதலில் விளக்கின் பக்கம் நின்று, பிறகு இடஞ்சுழியாக மெல்லச் சுழன்று, சேர வேண்டிய திசையை வந்தடைந்தது. கை ஓரங்குலமும் நகராதிருக்கையில் உள்ளே திருப்பம் நடந்து முடிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அந்த நேரமெல்லாம் சும்மா நின்ற நேரமாகத்தான் தோன்றும். வாயில்லாத பிராணிகளைக் கட்டிவைத்துப் பெற்ற அறிவு இது என்பதையும் மறக்கலாகாது. அதனாலேயே, பெற்ற அறிவை ஏட்டில் உறங்கவிடாமல் மனிதர் துயர் தீர்க்கப் பயன்படுத்தும் கடமை நமக்கு அதிகமாகிறது.

திசை ஒன்றாக இருக்கையில் சரி. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தால்? முதலில் மனம் முடிவு செய்கிறது, அதற்கப்புறம் உடம்பு ஆயத்தமாகிறது என்பதுதான் வெகுகாலமாக இருந்துவந்த அபிப்பிராயம். கனடாவில் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் சிசெக், ஜான் கலாஸ்கா என்னும் இருவர், 2005-ஆம் ஆண்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எதிரெதிரான இரண்டு இடங்களில் இரண்டு நிறங்களைக் காட்டி, எது சரி என்பதைச் சற்றுநேரம் கழித்தே குரங்குக்குத் தெரிவித்தார்கள். அந்தக் காத்திருப்பில், இயக்கத்துக்கு ஆயத்தம் செய்கிற மூளைப் பகுதியில், இரண்டு திசைகளுக்குரிய அணுக்கூட்டங்களும் ஏககாலத்தில் துடித்துக்கொண்டிருந்தன. சரியான நிறம் தெரிந்தவுடன் ஒரு கூட்டம் ஓங்கியது, மற்றது அடங்கியது. ஆக, உடம்பு இரண்டு பக்கமும் போவதற்கு ஆயத்தமாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆயத்தங்களுக்குள் நடக்கிற போட்டியைத்தான் முடிவு என்று நாம் சொல்கிறோம். ஸ்டான்போர்டில் பணியாற்றி 2023-இல் காலமான கிருஷ்ணா ஷெனாயின் ஆராய்ச்சிக்கூடம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே ஒரு தடவை செய்கிற தெரிவிலேயே, அணுக்கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மனம் மாறி, மறுபக்கம் திரும்புவதைக் கணத்துக்குக் கணம் படித்துக்காட்டியது. ஊசலாட்டம் என்று நாம் பழிக்கிற ஒன்று கருவியில் பதிவாகிவிட்டது.

ஒரே இடத்தில் இரண்டு திசைகளும் உயிரோடிருப்பது திருத்தணிக்காரனுக்குப் புதிய செய்தியன்று. 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு அங்கே போன எங்கள் ஊர், ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலானோர் நடத்திய வட எல்லைக் கிளர்ச்சிக்கும், பேச்சுவார்த்தைகளுக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சென்னை ராஜ்யத்தில் வந்து சேர்ந்தது. ஆறரை வருஷ காலம் இரண்டு இழுப்புகளும் ஓயாமல் இருந்தன. அந்தக் காலத்து மனிதர்களை முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்.

இரண்டு நிறப் பரிசோதனையின் கதையைக் கேட்ட பெரியப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போர்டுக்கு முன்னால சாக்பீஸை வச்சிக்கிட்டு முழிச்ச பசங்களை எவ்வளவு அதட்டியிருக்கேன். ரெண்டு வழியும் உள்ள ஓடிக்கிட்டு இருந்திருக்கும். நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார். இதைச் சொன்னபோது அவர் குரல் கம்மியது.

நம் தேசத்திலும் இத்துறையில் வேலை நடக்கிறது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தி என்ற பேராசிரியர் கண்ணின் இயக்கத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். நம் கண் வினாடிக்கு இரண்டு மூன்று தடவை ஓரிடம் விட்டு ஓரிடம் தாவுகிறது. ஒவ்வொரு தாவலும் ஒரு திசைத் தெரிவு. ஓரிடத்தைப் பார்க்கப் புறப்பட்ட கண்ணுக்கு, புறப்படும் தருவாயில் இலக்கு வேறிடம் மாறிவிட்டதென்று காட்டினால், போட்ட திட்டத்தை மூளை எப்படி ரத்து செய்கிறது, எவ்வளவு நேரத்துக்குள் ரத்து செய்ய முடிகிறது என்பதெல்லாம் அங்கே ஆராயப்படுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தி, மூளையின் அடியாழத்திலுள்ள நரம்பு முடிச்சுகள் வேலை செய்கிற விதத்தைக் கணினியில் மாதிரியாக அமைத்து, நடுக்குவாதத்தில் அவை எங்கே பிசகுகின்றன என்பதை ஆராய்கிறவர்.

பெரியப்பாவின் காலை நிறுத்துவது அந்த முடிச்சுகள்தாம். அவை இயல்பாகவே எல்லா அசைவுகளின்மீதும் தடை போட்டு வைத்திருக்கின்றன. தெரிந்தெடுத்த அசைவு ஒன்றுக்கு மாத்திரம் தடையைத் தளர்த்தி, மற்றவற்றுக்கு அப்படியே இறுக்கிப் பிடிக்கின்றன. தளர்த்துகிற வேலைக்கு டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். அதைச் சுரக்கிற கரிய நிறமுள்ள அணுக்கள் மடிந்து போவதே நடுக்குவாதம். நோய் வெளியே தெரிகிற வேளையில் அவற்றில் பாதிக்குமேல் அழிந்திருக்கும் என்கிறார்கள். திசையைக் கூட்டுகிற கணக்கு மேலே நடக்கிறது. கீழேயுள்ள தடைதான் விலகுவதில்லை. "தெரியுதுடா, கால்தான் வரல" என்று பெரியப்பா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

குறைந்துபோன டோபமினை ஈடுசெய்கிற மருந்து லெவோடோபா. வேலிகளில் தானாகப் படர்ந்து, தொட்டால் சுணை பிடுங்குகிற பூனைக்காலிக் கொடியின் விதையில் இந்தப் பொருள் இருப்பதை 1937-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள், சென்னைச் சர்வகலாசாலையின் உயிர் ரசாயன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பது அந்நாளில் உலகில் எவருக்கும் தெரியாது. 24 வருஷங்கள் கழித்து, 1961-இல், வியன்னா நகரத்து வைத்தியர்கள் லெவோடோபாவை நோயாளிகளின் ரத்தநாளத்தில் செலுத்தி, படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததைப் பிரசுரித்தார்கள். நம் ஊர் ஆராய்ச்சியாளர்களின் பெயரை நம் பாடப்புத்தகங்களில் காணாதது எனக்கு ஆறாத மனக்குறை. (பூனைக்காலிப் பொடியை அளவு தெரியாமல், வைத்தியரைக் கேளாமல் உட்கொள்வது ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.)

மருந்து சாப்பிட்டும் முழுதாகத் தீராத ஒன்று இந்தக் கால் ஒட்டுதல். குறுகலான வாசலில் நுழையும்போதும், நடக்கத் தொடங்கும்போதும், எல்லாவற்றிலும் அதிகமாகத் திரும்பும்போதும் அது வருகிறது. கூட்டமும் கூச்சலும் அவசரமும் அதை வளர்க்கின்றன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சமதரையில் ஓரடி வைக்க முடியாதவர், படிக்கட்டைக் கண்டால் மளமளவென்று ஏறிவிடுவார். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் கோட்டுக்குக் கோடு தாண்டி நடந்துவிடுவார். 1967-ஆம் ஆண்டிலேயே பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் வைத்தியர் இதை விரிவாக எழுதிவைத்தார். உள்ளிருந்து வரவேண்டிய தூண்டுதல் வராதபோது, கண்வழியாக வருகிற தூண்டுதல் வேறொரு பாதையில் போய்க் காலை எழுப்புகிறது என்று கருதுகிறார்கள்.

இதை நான் ஏட்டில் படிப்பதற்கு முன்னாலேயே மலைப்படிகளில் கண்ணால் பார்த்திருந்தேன். அடிவாரத்தில் கால் ஒட்டி நின்ற பெரியப்பா, முதற்படியில் காலை வைத்ததுதான் தாமதம், ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஏறிப் போனார். படிபூஜை செய்தவர்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டிருந்தார்கள். அந்தப் பொட்டின்மேல் வைத்த கண்ணை அவர் எடுக்கவேயில்லை. 365 படிகள் என்று ஊரார் சொல்வதை அன்று எண்ணி முடித்தவர், மேலே சமதளத்துக்கு வந்து நாலடி நடந்ததும் மறுபடி நின்றுவிட்டார்.

அதிகாரத்திலிருப்பவர்களையும், கோயில்களையும் ஆஸ்பத்திரிகளையும் ரயில் நிலையங்களையும் பராமரிக்கிறவர்களையும் நான் கேட்டுக்கொள்வது மிகச் சிறிய காரியம். ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களின் திருப்பங்களிலும், பிரதட்சிணம் சுற்றுகிற பிராகாரங்களின் மூலைகளிலும், பிளாட்பாரத்திலிருந்து வெளியேறும் வாசல்களிலும், ஓரடிக்கு ஒன்றாகச் சில குறுக்குக் கோடுகள் வரைந்துவிடுங்கள். இதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும். சாலை கடக்கும் இடங்களில் பச்சை விளக்கு எரிகிற நேரத்தைத் தீர்மானிக்கும்போது, வாலிபரின் நடையைக் கணக்கிடாமல் எழுபது வயதினரின் நடையைக் கணக்கிடுங்கள். பிரிகிற சாலைகளில் பெயர்ப்பலகையைப் பிரிவிலேயே நடாமல், ஐம்பது கஜம் முன்னாலேயே, எங்கள் பக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி நடுங்கள். உள்ளே சுழல வேண்டிய அம்பு சுழன்று முடிவதற்கு அவகாசம் கிடைக்கட்டும்.

பொதுஜனங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. நடுவழியில் நின்றுவிட்ட பெரியவரைக் கண்டால் ஹாரனில் கை வைக்க வேண்டாம். கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். மேலுடம்பு முன்னே வந்துவிடும், கால் வராது, விழுந்துவிடுவார். பக்கத்தில் போய் நில்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம்போல் எண்ணிக் கொடுங்கள், அல்லது அவர் காலுக்கு முன்னே ஏதேனும் ஒன்றைத் தாண்டுவதற்குக் காட்டுங்கள். அவருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கிறது. அவரிடம் உரக்கப் பேசுவதும், குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவதும், அவருடன் வந்தவரிடம் "இவருக்கு என்ன?" என்று கேட்பதும் அவரை எவ்வளவு வருத்தும் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். வேறொரு ஊர்க் கோயிலில், வரிசை நகரவில்லை என்று பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தபோது, பெரியப்பா ஒதுங்கிப்போய்த் தூணோரம் நின்றுகொண்டார். தரிசனமில்லாமலே திரும்பி வந்தோம்.

போன கிருத்திகைக்கு மறுபடியும் திருத்தணி மலைக்குப் போனோம். பிராகாரத்தில் மூன்றாவது மூலையில், வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், கால் ஒட்டிக்கொண்டது. நான் இழுக்கவில்லை. பின்னால் வந்த ஓர் அம்மாள், இடுப்பில் குழந்தையோடு, ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பெரியப்பாவின் கையிலிருந்த தடியை வாங்கி, அவர் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால், திரும்ப வேண்டிய திசைக்குக் குறுக்காகத் தரையில் கிடத்தினேன். "தாண்டுங்க பெரியப்பா" என்றேன். அவர் தடியைப் பார்த்தார், உதடு அசைந்தது. வலது கால் எழும்பித் தடியைத் தாண்டி அந்தப் பக்கம் ஊன்றிற்று. இடது கால் பின்னோடு வந்தது. நான் குனிந்து தடியை எடுப்பதற்குள் அவர் நாலடி முன்னே போயிருந்தார்.